எங்க ஊர் மரக் கண்காட்சி ஏப்ரல் 15ல ஆரம்பம்

"ராமநாதபுரத்துல மரவேலையா? இங்க மரம்னாலே சீமைக்கருவேலம்தானே சார். அதுல கரிதான் போடலாம்."

ஒரு கைவினைப் பொருள் கண்காட்சியில மேற்பார்வை பாத்துக்கிட்டிருந்த ஒருத்தர் சொன்னது இது. (எந்தக் கண்காட்சி, எந்த மைதானம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நல்ல மனுசன், டீ வேற வாங்கிக் குடுத்தாரு.) நான் அவர்கிட்ட கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இத்தனை மரச்சாமான் கடை போட்டிருக்கீங்களே, நம்ம மாவட்டத்து வேலை ஒண்ணுகூட காணோமே, ஏன்?"

டீ இறங்கிருச்சு. அந்தப் பதில் இறங்கல.

அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாத்தான் வரும். படிக்கிறவங்க ஒரு சொம்புத் தண்ணி பக்கத்துல வச்சுக்கோங்க, வெயில் வேற.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். அங்க இருந்த கடைகளைக் குறை சொல்லல. சன்னபட்டணம் பொம்மைக் கடையில ரொம்ப நேரம் நின்னேன். அது வெட்பாலை மரத்துல செய்றது. கடைசல்ல கட்டை சுத்திக்கிட்டு இருக்கும்போதே அரக்குக் குச்சியை வச்சு அழுத்துவாங்க. உரசுற சூட்டுலயே அரக்கு உருகி நிறம் ஏறிடும். அப்புறம் தாழை ஓலையை வச்சு ஒரு தேய். பளபளன்னு ஆயிடும். ஆந்திராவுல ஏட்டிகொப்பாக்கா பொம்மையும் அதே மர இனம்தான். அந்தக் கடையும் இருந்துச்சு. சகாரன்பூர் செதுக்கு வேலை இருந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுலேர்ந்து பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் இருந்துச்சு (2020ல புவிசார் குறியீடு வாங்கினது), கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் இருந்துச்சு (அது 2021).

நமக்கும் 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. எதுக்குன்னு நினைக்கிறீங்க?

குண்டு மிளகாய்க்கு.

(சந்தோசம்தான். அது இல்லாம எங்க வீட்டுல மீன் குழம்பே இல்ல. ஆனா பாருங்க, ராம்நாடுன்னா மிளகாய், கரி, தண்ணிப் பஞ்சம். இதோட நம்ம கதையை முடிச்சிடுறாங்க.)

இப்ப விசயத்துக்கு வரேன்.

நம்ம மாவட்டத்துல வருசா வருசம் ஒரு மரக் கண்காட்சி நடக்குது. ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு ஜூன் 14ல முடியும். பந்தல் கிடையாது, டிக்கெட் கிடையாது, ரிப்பன் வெட்ட அமைச்சர் வரமாட்டார். இடம்: ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கடற்கரை. அரசாங்கத்துல அதுக்கு வச்சிருக்கிற பேரு மீன்பிடித் தடைக்காலம்.

மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகக் கூடாதுன்னு 2001ல கொண்டுவந்த ஏற்பாடு. மொதல்ல 45 நாள் இருந்துச்சு, 2017லேர்ந்து 61 நாளாக்கிட்டாங்க. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்ல. படகுக்காரங்களுக்கு இது வருமானம் இல்லாத ரெண்டு மாசம். ஓடாவிகளுக்கு மட்டும் சாப்பிட நேரமில்லாத ரெண்டு மாசம். (ஓடாவின்னா படகு கட்டுற தச்சர். கீழக்கரைப் பக்கம் பெரியவங்க அப்படித்தான் சொல்வாங்க, யாழ்ப்பாணத்துலயும் அப்படித்தான். ராமேசுவரத்துல மேஸ்திரின்னா போதும்.)

ஒரு தடவை மே மாசத்துல அந்தக் கரையில நடந்து பாருங்க. கடல்ல பாக்கும்போது சின்னதாத் தெரியிற விசைப்படகு, கரையேத்தி முட்டுக் குடுத்து நிக்கும்போது மாடி வீடு உசரம் இருக்கும். அதோட வயித்தை அப்பத்தான் பாக்க முடியும். பாசி, சிப்பி எல்லாம் சுரண்டி எடுத்தப்புறம் பலகை பலகையாத் தெரியும். எங்க எது மாத்தினது, எங்க எது பழசுன்னு நிறத்துலயே சொல்லிடலாம்.

நான் போன அன்னிக்கு ஒரு பெரிய ஓடாவி படகைச் சுத்திச் சுத்தி வந்து சுத்தியலால தட்டிக்கிட்டே இருந்தாரு. டொக், டொக், டொக். ஒரு இடத்துல சத்தம் மாறுச்சு. அங்க சாக்பீஸால ஒரு வட்டம் போட்டாரு.

"என்னண்ணே அது?"

"புழு."

"வெளிய ஒண்ணும் தெரியலயே?"

"வெளிய ஊசிமுனை அளவுதான் ஓட்டை இருக்கும். உள்ள பூராம் தின்னு வச்சிருக்கும். நீ கண்ணால பாத்துக்கிட்டு நில்லு, நான் காதால பாத்துக்கிறேன்."

(அவமானம்தான். ஆனா உண்மை. அந்தக் கடல் புழு குஞ்சா இருக்கும்போதே பலகைக்குள்ள நுழைஞ்சிடும். உள்ளயே தின்னு தின்னு வளரும். பலகையைப் பிரிச்சுப் பாத்தா தேன்கூடு மாதிரி இருந்துச்சு.)

பலகை மாத்தினதும் அடுத்த வேலை கலப்பத்து. இந்த ஒரு வேலைக்கே தனியாக் கண்காட்சி வைக்கலாம்னு நினைக்கிறேன். ரெண்டு பலகைக்கு நடுவுல இருக்கிற சந்துல பஞ்சுத் திரியை வச்சு, மழுங்கின உளியால தட்டித் தட்டி இறக்குறது. கம்மியா இறக்கினா தண்ணி வரும். அதிகமா இறக்கினா, மரம் தண்ணி குடிச்சு ஊதும்போது பலகையே தெறிச்சு வெளிய வந்துரும். எவ்வளவு போதும்னு எங்கயும் எழுதி வைக்கல. மேல குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவாங்க. இப்ப கடையில விக்கிற பசையும் வந்திருச்சு, ஃபைபர் பூச்சும் வந்திருச்சு. ஆனா திரி இறக்குறது அதே கை, அதே தட்டு.

ரெண்டு மாசம் வெயில்ல காஞ்ச படகைத் தண்ணியில இறக்கினா மொத நாள் கொஞ்சம் ஒழுகும். புதுசா வர்ற என்னை மாதிரி ஆளுங்க "ஐயோ"ன்னு கத்துவோம். அவங்க பேசாம நிப்பாங்க. காஞ்ச மரம் சுருங்கியிருக்கும், தண்ணி குடிச்சதும் ஊதி சந்தை அதுவே அடைச்சுக்கும்.

சரி, புதுப் படகு கட்டுறது எப்படி?

மொதல்ல ஏரா. அடியில முதுகெலும்பு மாதிரி ஓடுற நீளக் கட்டை. அதுக்கு முன்னாடி அணியத்துக் கட்டை, பின்னாடி அமரத்துக் கட்டை நிறுத்துவாங்க. அதுக்கப்புறம் வங்கு, அதாவது விலா எலும்பு. அதுக்கு மேல பலகை. வளைய மறுக்கிற பலகையை நனைச்சு நெருப்புல காட்டி மெதுவா மெதுவா இழுத்துப் பிடிச்சு ஆணி அடிப்பாங்க.

வரைபடம் எங்கன்னு கேட்டேன். (பட்டணத்துப் புத்தி.) ஓடாவி கொட்டகை ஓரத்துல தொங்கிக்கிட்டிருந்த பழைய ஒட்டுப்பலகை அச்சு ரெண்டு மூணைக் காட்டினாரு. அளவு போட்ட ஒரு கோலைக் காட்டினாரு. "ஏரா நீளம் சொல்லு, மத்ததெல்லாம் அதுலேர்ந்து வரும்"னாரு. நடுவுல அகலம் எவ்வளவு, அணியம் எவ்வளவு தூக்கணும், எல்லாமே நீளத்துக்கு ஒரு கணக்கு. அப்புறம் கொஞ்சம் தள்ளிப் போயி, ஒத்தைக் கண்ணை மூடிப் பாத்து, "வலது பக்கம் ஒரு விரக்கடை தூக்கு"ன்னாரு. எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச சமாச்சாரம் வங்கு. அதுக்கு நேரான மரம் உதவாது. நேரான பலகையை அறுத்து வளைவு எடுத்தா, வளைவுல நார் வெட்டுப்பட்டுப் போகும். அலை மோதும்போது அங்கதான் ஒடியும். அதனால வளைஞ்சே வளர்ந்த கிளை வேணும். நார் வளைவோடயே ஓடியிருக்கணும். அதுக்கு ஓடாவி உள்நாட்டுக்குப் போவாரு. கண்மாய்க்குள்ள நிக்கிற நாட்டுக்கருவேலம், கரையில நிக்கிற வாகை, வேம்பு. மரத்தைச் சுத்தி வந்து அண்ணாந்து பாத்து, "இந்தக் கவட்டை அணியத்துக்கு ஆகும், அந்தக் கிளை நடு வங்குக்கு ஆகும்"னு நிக்கிற மரத்துலயே படகைப் பிரிச்சுருவாரு.

யோசிச்சுப் பாருங்க. மரக்கடைக்காரன் "கோணல், விறகுக்குத்தான் ஆகும்"னு தள்ளுற கிளைதான் இவருக்கு முதல் தரம். விவசாயி கண்மாய்க்கும் மீனவர் கடலுக்கும் நடுவுல இப்படி ஒரு வியாபாரம் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. "ராம்நாட்டுல மரம் ஏது"ன்னு கேட்டவர்கிட்ட அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கணும். (சண்டைக்கு நல்ல பதில் எப்பவும் பஸ் ஏறினப்புறம்தான் வரும்.)

இதெல்லாம் நான் புதுசாக் கண்டுபிடிச்சது இல்ல. மெட்ராஸ் மீன்துறையில வேலை பாத்த ஜேம்ஸ் ஹார்னெல்னு ஒரு வெள்ளைக்காரர், இந்தியப் படகு வடிவங்களைப் பத்தி 1920லயே தனியா ஒரு ஆய்வு எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. சங்கு, முத்து வேலையா இந்தக் கரையில சுத்தின ஆளு அவரு.

நம்ம ஆளு ஒருத்தரும் எழுதியிருக்காரு. அப்துல் கலாம். அவரோட அத்தா ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்ரீகர்களை ஏத்திப் போக ஒரு மரப் படகு கட்டினதை "அக்னிச் சிறகுகள்"ல சொல்றாரு. கலாமுக்கு அப்ப ஆறு வயசு. மரத்தை நெருப்புச் சூட்டுல பதப்படுத்தினது வரைக்கும் ஞாபகம் வச்சு எழுதியிருக்காரு. அந்தப் படகும் பின்னாடி ஒரு புயல்ல போயிடுச்சு. ராக்கெட் விட்டவருக்கு மொத மொத பொறியியல் காட்டினது ஒரு கடற்கரை மரப்பட்டறை. இதையும் யாரும் கண்காட்சியில எழுதி வைக்கல.

இன்னும் கொஞ்சம் கடல் தாண்டி போறேன், மன்னிச்சுக்கோங்க. எதிர்க்கரையில வல்வெட்டித்துறை. அங்க 1930ல கட்டின பாய்மரக் கப்பல் அன்னபூரணி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்னு ஒரு அமெரிக்கக் கடலோடி அதைப் பாத்து ஆசைப்பட்டு விலைக்கு வாங்கி, தன் பொண்டாட்டி பேரை வச்சாரு. அந்தக் கப்பல் நம்ம தமிழ் மாலுமிகளோட கிளம்பிப் போயி, 1938ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்துல நின்னுச்சு. நம்ம கடல்ல, நம்ம மாதிரி ஓடாவிங்க, கோலும் கயிறும் வச்சுக் கட்டின மரம் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கு.

கரி போடத்தான் ஆகுமாம்!

சரி சரி, கோபம் வேணாம். அந்தக் கரி விசயத்துக்கே வருவோம்.

சீமைக்கருவேலத்தை எனக்கும் பிடிக்காது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடின்னு எந்தப் பக்கம் போனாலும் அதுதான். கரி மூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பம் சாப்பிடுது, அதையும் மறுக்க முடியாது. ஆனா "கரிக்கு மட்டும்தான் ஆகும்"ங்கிறது பொய். அது அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்த மரம். அதோட பங்காளி இனம் டெக்சாஸ்ல வளருது, மெஸ்கீட்னு சொல்வாங்க. அங்க அதுல சாப்பாட்டு மேசை செய்றாங்க, வீட்டுக்குத் தரைப் பலகை போடுறாங்க. நல்ல விலை. காஞ்சப்புறம் அவ்வளவாச் சுருங்காது, முறுக்காது. செம்பழுப்பு நிறம்.

நானும் ஒரு கட்டையை வச்சு முயற்சி பண்ணிப் பாத்தேன். நேரா ஒரு முழம் கிடைக்கிறதே பெரும்பாடு. முள்ளு எடுத்து, பட்டை உரிச்சு, நிழல்ல காயவச்சு, இழைப்புளி போட்டா... கல்லு! உளியைத் தீட்டு, கொஞ்சம் செதுக்கு, மறுபடி தீட்டு. கடைசியில ஒரு தோசைத் திருப்பி வந்துச்சு. கொஞ்சம் கோணல். வீட்டுல இன்னும் அதைத்தான் உபயோகிக்கிறாங்க (வேற வழியில்லாமத்தான்னு வீட்டம்மா சொல்றாங்க, அதை நம்பாதீங்க).

அதைவிடப் பெரிய சோதனை பனை.

ராமநாதபுரத்துக்காரன் மரவேலைன்னு எழுதிட்டுப் பனையை விட்டா ஊருக்குள்ள விடமாட்டாங்க. ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சாங்க. அதுலேர்ந்து பனங்கைமரம் ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தேன். கன்னங்கரேல்னு, மஞ்சக் கோடு ஓடி, பாக்க அம்சமா இருந்துச்சு. உக்கார ஒரு மணை செய்யலாம்னு திட்டம்.

மத்த மரம் மாதிரி பனை வருசா வருசம் வளையம் போட்டுப் பருக்காது. வைரம் வெளிப்பக்கம்தான், அதுவும் அடிமரத்துலதான் நல்லா இருக்கும். நடுவுல வெறும் சோறு. அதனால அகலமான பலகைங்கிற பேச்சே கிடையாது. கைமரம், சட்டம், உத்தரம், ஊன்றுகோல், இப்படி நீளமும் ஒல்லியுமான சாமானுக்குத்தான் அது. நம்ம ஊர் வீடுகள்ல பனை ஏன் எப்பவும் கூரையிலயே இருக்கு, கதவுல இல்லைங்கிறது அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

இழைப்புளியை எதிர்ப்பக்கமா ஓட்டினா நார் நாராப் பிச்சுக்கிட்டு வரும். சிலாம்பு ஏறினா சாதாரண முள்ளு மாதிரி இல்ல, கருப்பு ஊசி. ரெண்டு நாள் விண்ணு விண்ணுன்னு வலிக்கும். நேரா ஆணி அடிச்சா பிளந்துக்கும். பக்கத்துத் தெரு ஆசாரி ஒருத்தர் வேடிக்கை பாத்துட்டுப் பொறுக்க முடியாம வந்து சொல்லிக் குடுத்தாரு. "மொதல்ல ஓட்டை போடு தம்பி, அப்புறம் ஆணி. அறுக்கும்போது பொடிப்பல் ரம்பம் எடு. இழைக்கும்போது நாரோட போ, அது கூட சண்டை போடாத." மூணு சட்டத்தை ஒட்டி ஒரு மணை மாதிரி ஒண்ணு செஞ்சேன். எண்ணெய் தடவினதும் வந்த அந்தக் கருப்பு இருக்கே, தேக்கு கிட்டயே நிக்க முடியாது. (என் கருத்து. தேக்குக்காரங்க திட்டலாம்.)

இப்பப் பச்சைப் பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும், 2021 வேளாண் பட்ஜெட்டுல அறிவிச்சாங்க. நல்ல விசயம், நம்ம மாநில மரம் அது. அதனால பனை வேலைக்கு மரம் இனி பழைய வீட்டுலேர்ந்துதான் வரும். அந்தப் பழைய வீடுகளை இடிக்கும்போது கைமரத்தை அடுப்புக்குப் போடாதீங்கன்னு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

பழைய வீடுன்னதும் செட்டிநாடு ஞாபகம் வந்துருச்சு. 1985 வரைக்கும் காரைக்குடியும் நம்ம ராம்நாடு ஜில்லாதான். அப்புறம்தான் சிவகங்கை தனி மாவட்டம். அந்தக் கதவுகள், கஜலட்சுமி செதுக்கின நிலை, பர்மா தேக்குத் தூண், இதெல்லாம் கடல்வழியா வந்த மரம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகள்ல இப்ப அந்தக் கதவு எல்லாம் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்குது, ஏதாவது ரிசார்ட்டுக்குப் போறதுக்கு. அதுக்கு மரியாதை இருக்கு, விலை இருக்கு, போட்டோ எடுக்க ஆளு இருக்கு.

படகுக்கு ஏன் இல்ல? இதைத்தான் நான் ரொம்ப நாளா யோசிச்சேன்.

எனக்குத் தோணுறது இதுதான். கண்காட்சிக்குப் போற சாமான் எல்லாம் மேசை மேல நிக்கிற அளவு இருக்கணும். பையில போட்டுத் தூக்கிட்டுப் போகணும், வீட்டு அலமாரியில வைக்கணும். நம்ம கடற்கரை மரவேலை எதுவுமே அந்த அளவுக்குள்ள அடங்காது. வத்தை, வள்ளம், விசைப்படகு, பனங்கூரை, எல்லாமே உழைக்கிற சாமான். அதை வச்சுச் சம்பாதிக்கிறோம், அது மேல உக்காந்து சாப்பிடுறோம், அது அடியில தூங்குறோம். அதனாலயே அதுல கலை இருக்குன்னு யாருக்கும் தோணல. அலமாரியில நிக்கிறதுக்கு மட்டும்தான் கைவினைன்னு பேரு குடுத்து வச்சிருக்கோம்.

எல்லா ஊர்லயும் இப்படி இல்ல. அமெரிக்காவுல போர்ட் டவுன்சென்ட்னு ஒரு சின்ன ஊர்ல 1977லேர்ந்து மரப் படகுத் திருவிழா நடத்துறாங்க. ஆஸ்திரேலியாவுல ஹோபார்ட்ல 1994லேர்ந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்க. இந்தோனேசியாவுல தெற்கு சுலவேசி ஓடாவிகளோட பினிசிக் கப்பல் கட்டுற வித்தையை 2017ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. நார்வே, சுவீடன் பக்கத்துப் பலகைப் படகு மரபை 2021ல சேத்தாங்க. அவ்வளவு தூரம் ஏன்? நம்ம கடற்படையே 2025 மே மாசம் கார்வார்ல ஐஎன்எஸ்வி கவுண்டின்யாவைச் சேத்துக்கிச்சு. அஜந்தா ஓவியத்தைப் பாத்து வடிவம் எடுத்து, ஆணி இல்லாம கயிறு வச்சுத் தைச்ச கப்பல். கட்டினது கேரளத்து ஓடாவிங்க. டிவியில பாத்து எனக்கும் புல்லரிச்சுச்சு. கூடவே, பாம்பன் கரையில கலப்பத்து தட்டிக்கிட்டிருக்கிற ஆளுக்கு இந்தச் செய்தியில ஒரு பங்கு இருக்குன்னு யாராவது சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்.

இன்னொரு பக்கம் பெங்களூருல ரெண்டு வருசத்துக்கு ஒருக்க இந்தியாவுட்னு பெரிய மரத்தொழில் கண்காட்சி நடக்குது. அது இயந்திரத்துக்கானது. கம்ப்யூட்டர்ல படம் போட்டா அதுவே செதுக்கித் தள்ளும். அதுவும் வேணும்தான். நான் இயந்திர விரோதி இல்ல.

ஃபைபர் படகுக்கும் நான் விரோதி இல்ல, முன்கூட்டியே சொல்லிடுறேன். 2004 சுனாமிக்கு அப்புறம் கடற்கரை பூராம் ஃபைபர் வந்துச்சு. லேசு, புழு அரிக்காது, வருசா வருசம் திரி இறக்க வேணாம். கடலுக்குப் போறவன் எது லாபமோ அதைத்தான் வாங்குவான். "மரபைக் காப்பாத்த நீ ஒழுகுற படகுல போ"ன்னு கரையில நிக்கிற நான் சொல்ல முடியாது. இதுல இன்னொரு சோகம் வேற இருக்கு. எல்லை தாண்டினதா இலங்கைக் கடற்படை பிடிச்சு வச்ச நம்ம விசைப்படகுகள் அந்தப் பக்கத் துறைமுகங்கள்ல கெடந்து மக்கிப் போறது. 2022 பிப்ரவரியில கொஞ்சத்தை ஏலமே விட்டாங்க. ஒரு படகு போச்சுன்னா முதலாளி கடனாளி ஆகுறான், அது எல்லாருக்கும் தெரியும். அதுல ஒரு ஓடாவியோட பல மாச வேலையும் போகுது.

அப்ப என்னதான் பண்ணலாம்ங்கிறே, அப்படித்தானே?

கண்காட்சி நடத்துறவங்களுக்கு என் யோசனை சின்னதுதான். பந்தலை டவுன்ல போடாதீங்க, மே மாசம் கரைக்குக் கொண்டுவாங்க. நடந்துக்கிட்டிருக்கிற வேலையை நிறுத்தாம, ஓரமா ஒரு பாதை மட்டும் கயிறு கட்டி விடுங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கையில உளியும் பஞ்சுத் திரியும் குடுத்து ஒரு பழைய பலகையில தட்டிப் பாக்கச் சொல்லுங்க. வாய்ச்சி, துறப்பணம், முழக்கோல் எல்லாம் வரிசையா வச்சு, பேரு எழுதி வைங்க. சின்ன அளவுல வத்தை, வள்ளம் செஞ்சு விக்கட்டும், அலமாரிக்காரங்களும் திருப்தியாப் போகட்டும். முக்கியமா, வேலை கத்துக்க வர்ற பையனுக்கு அந்த ரெண்டு மாசக் கூலியை யாராவது குடுங்க. பாராட்டுப் பத்திரத்தை வச்சு எந்தப் பையனும் தொழிலுக்கு வரப் போறதில்ல. என் பேச்சைக் கேட்ட ஒரு இளவட்டம் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான்: "அண்ணே, செல்போன் கடைக்குப் போனா ஃபேன் காத்துல சம்பளம்."

இன்னொண்ணு. ஒவ்வொரு படகையும் பாருங்க. முதலாளி பேரு இருக்கும், பதிவு எண் இருக்கும், சாமி பேரு, மாதா பேரு, அவுலியா பேரு இருக்கும், கட்சிக் கொடி இருக்கும், சினிமா நடிகர்கூட இருப்பாரு. கட்டினவர் பேரு மட்டும் எங்கயும் இருக்காது. அரும்பாவூர் சிற்பி பேரைச் சொல்லி விக்கிறாங்கல்ல, இங்கயும் அணியத்துல ஒரு ஓரமா, "கட்டியவர்: இன்னார், பாம்பன்"னு ஒரு வரி எழுதினா என்ன கொறைஞ்சு போகும்?

அந்தச் சுத்தியல் ஓடாவிகிட்டயே இதைச் சொன்னேன். ரொம்ப நல்ல யோசனைன்னு கட்டிப்பிடிப்பாருன்னு எதிர்பாத்தேன்.

அவரு வெத்தலையைத் துப்பிட்டுச் சொன்னாரு: "எழுதலாம் தம்பி. ஆனா எங்கயாவது ஒழுகுச்சுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. செல்போன் நம்பர மட்டும் எழுதிடாத."

ஆக, பேரு எழுத சம்மதம். நம்பர் கிடையாது. யாராவது பெயிண்ட் வாங்கித் தரீங்களா?